பதினைந்து டிகிரி

கூடத்துக் கண்ணாடி அலமாரியில் பதினோரு கோப்பைகள் உயரவாரியாக நின்றன. ஒவ்வொன்றிலும் கேப்டனின் பெயர் பொறித்திருந்தது. மாதம் ஒருமுறை அவற்றை இறக்கி, துடைத்து, பளபளப்பாக்கி, மறுபடியும் அதே வரிசையில் ஏற்றி வைக்கிற வேலை மட்டும் அவர் மனைவியுடையது. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். "எல்லாம் ஒரு கைப்பழக்கம்தான்" என்று கேப்டன் அடக்கமாகச் சொல்வார். அந்த அடக்கத்தையும் அவர் நன்றாகப் பழகி வைத்திருந்தார்.

கேப்டன் என்றதும் நிஜ விமானம் ஓட்டியவர் என்று நினைத்துவிட வேண்டாம். மின்கட்டண அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கொடுக்கிறவர். நிஜ விமானத்தில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊருக்கு வெளியே மாடல் விமான சங்கத்தின் திடலில், ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார் என்றால் அவர் வேறு ஆள். அவருடைய விமானம் ஒரு உலுக்கல் இல்லாமல் திரும்பும், ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கும். "கை பூ மாதிரி சார் உங்களுக்கு" என்பார்கள். கேப்டன் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அவர் மனைவிக்கு அவள் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் 'டிகிரி அக்கா' என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்கள் பெரிய படிப்பு படித்தவள் போலிருக்கிறது என்று முதல் இரண்டு நாள் பயந்து பயந்து பேசுவார்கள். அக்கா பன்னிரண்டாவதோடு நிறுத்தியவள். கடையின் பின்னறையில் லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி அறுத்துப் பொருத்துவது அவள் வேலை. சில கண்களுக்கு லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். எழுபது டிகிரி என்றால் எழுபதில் உட்கார வேண்டும். எழுபத்தைந்தில் உட்கார்ந்தால் போட்டவருக்குச் சாயந்திரத்துக்குள் தலைவலி வரும், மறுநாள் கடைக்கு வந்து சத்தம் போடுவார். இருபத்து மூன்று வருஷத்தில் அக்கா பொருத்திய கண்ணாடிக்காக யாரும் சத்தம் போட வந்ததில்லை.

அவர் விமானமும் அவள் கோணமும் எப்படிச் சேர்ந்தன என்று சொல்ல வேண்டும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கேப்டன் ஒரு பெட்டி வாங்கி வந்தார். மெல்லிய மரத்தகடும் கம்பியும் குட்டி மோட்டார்களுமாக, ஒட்டினால் விமானம். மூன்று மாதம் முக்கி முனகி ஒட்டி, திடலுக்குக் கொண்டுபோனார். பதினோரு விநாடி பறந்தது. துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தவர் பையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கல்யாணமான புதிதில் இருந்த மாதிரியே, அவர் முகம் வாடினால் அவளுக்கு அப்போதெல்லாம் கை ஓடாது.

பையைத் திறந்து துண்டுகளைப் பரப்பினாள். விமானத்தின் வாலில் படுக்கையாக ஒரு பலகை உண்டு, எலிவேட்டர். அது மேலே மடங்கினால் மூக்கு மேலே போகும், கீழே மடங்கினால் மூக்கு கீழே போகும். ரிமோட்டில் இருக்கும் குச்சியை இழுத்தால், உள்ளே இருக்கும் மோட்டார் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி பலகையை மடக்கும். எவ்வளவு மடங்க வேண்டும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பெட்டியில் வந்த தாளில் 'பன்னிரண்டு மில்லிமீட்டர்' என்று போட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அகலப் பலகையில் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்றால் லேசான அசைவு, குறுகிய பலகையில் அதே பன்னிரண்டு பெரிய ஆட்டம். ஒரே பலகையிலேயே இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. அளவுகோலை எங்கே வைப்பது என்று எழுதாதவன் எதற்கு அளவு எழுதினான்? கோணம் அப்படி இல்லை. எங்கே பிடித்தாலும் கோணம் ஒன்றுதான்.

கடையில் வீணாய்ப் போன ஒரு கோண அட்டையைக் கேட்டு வாங்கிவந்தாள். துணி காயப்போடும் கிளிப் ஒன்றில் அதை ஒட்டினாள். நடுவில் ஒரு ஊசியைத் தொங்கவிட்டு, ஊசி முனையில் தூண்டில் ஈயம் ஒரு மணி. விமானத்தை மேஜையில் மட்டமாக வைத்து, கிளிப்பைப் பலகையில் மாட்டிக் குச்சியை இழுத்தால், பலகை மடங்கும், ஊசி தொங்கியபடியே நிற்கும், அட்டையில் கோணம் தெரியும். அவ்வளவுதான் கருவி. துண்டுகளை மறுபடி ஒட்டி முடித்து அளந்தாள். கேப்டன் விட்டுவைத்திருந்த அளவு முப்பது டிகிரிக்கு மேல் இருந்தது.

அடுத்த வாரம் அவளும் திடலுக்குப் போனாள். விமானத்தைப் பார்க்கவில்லை, கேப்டனின் கட்டைவிரலைப் பார்த்தாள். வானத்தில் எல்லாம் சரியாக இருக்கும்வரை விரல் சரியாக இருந்தது. ஒரு காற்று அடித்தது, விமானம் கொஞ்சம் தாழ்ந்தது. கேப்டன் பயந்தார். பயந்த உடனே குச்சியைக் கடைசிவரை இழுத்தார், பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியைப் பிடிப்போமே அப்படி. மற்றவர்கள் கத்தினார்கள், 'விடுங்க, விடுங்க' என்று. அவர் விரல் கேட்கவில்லை. மூக்கு மேலே தூக்கிய விமானம் வேகம் செத்து, ஒரு இறக்கை சாய்ந்து, கீழே வந்தது.

மனுஷனுடைய விரலைத் திருத்த முடியாது என்று அவள் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். பலகையைத் திருத்தலாம். அவர் எவ்வளவு பயந்தாலும், குச்சியைக் கடைசிவரை இழுத்தாலும், விமானம் விழாத அளவு எது என்று தேடினாள். இருபத்திரண்டு வைத்தாள், இருபது வைத்தாள், பதினெட்டு வைத்தாள். மூன்று விமானங்கள் நொறுங்கின, மூன்றையும் அவளே ஒட்டினாள். பதினைந்தில் நின்றது. அதற்கப்புறம் கேப்டனின் விமானம் விழவே இல்லை. அந்த வருஷமே கை பூ மாதிரி ஆகிவிட்டது.

பதினைந்து ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. 'உங்களுக்குப் பயம், அதனால்' என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் கட்டுவதும் அவள் கைக்கே வந்து சேர்ந்தது. கேப்டன் ஒட்டினால் பசை வழியும், இறக்கை முறுக்கிக்கொள்ளும். மகள் கல்யாணமாகிப் போனதும் அவள் அறை பட்டறையாக மாறியது. கடையிலிருந்து வந்து, உலை வைத்துவிட்டு, இறக்கைக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் மரத்தகடு ஒன்றைத் தேய்ப்பாள். சோறு வடித்துவிட்டு இன்னொன்று. நிஜ விமானத்தின் படத்தைப் பார்த்து, அதே ஆணி, அதே கதவு, அதே மங்கிய நிறம். ஒவ்வொரு விமானத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம்: இறக்கைப் பலகை மேலே இத்தனை, கீழே இத்தனை, சுக்கான் இத்தனை, எலிவேட்டர் பதினைந்து. போட்டிக்கு முந்தின நாள் கடைசியாக அளந்து, அந்த எண்களைச் சின்னச் சீட்டில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டுவாள். கேப்டன் நாற்காலியில் சாய்ந்து குச்சியை இழுத்துக் கொடுப்பார். கட்டுமானத்தில் அவர் பங்கு அது.

சங்கத்தின் வருடாந்தரப் போட்டிக்கு ஒரு படிவம் உண்டு. நிஜ விமானத்தின் அச்சாகக் கட்டும் பிரிவில், பறக்கவிடுகிறவரே கட்டியவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. 'இந்த மாடலை நானே கட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருஷம் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் அந்த வரியில் பேனாவை நிறுத்தினாள். படிவம் நிரப்புவதும் அவள் வேலைதான், கேப்டனின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

"நானே கட்டினேன்னு எழுதணுமாம்" என்றாள்.

"எழுது."

"நீங்க கட்டலையே."

கேப்டன் சிரித்தார். "என்ன பேச்சு இது? நீ வேற, நான் வேறயா?"

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் அவள் குளிர்ந்துபோனாள். அவள் எழுதினாள், அவர் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் அதே படிவம், அதே வாக்கியம். ஐந்தாறு வருஷத்துக்கு மேல் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள், அவர் சொல்வதையும் விட்டுவிட்டார். கையெழுத்து மட்டும் நின்றபாடில்லை.

போன வருஷம் சங்கத்தில் புதிதாகக் 'கூட்டுப் பிரிவு' ஒன்று கொண்டுவந்தார்கள். கட்டுகிறவர் ஒருவர், பறக்கவிடுகிறவர் ஒருவர், கோப்பையில் இரண்டு பேர் பெயரும் வரும். அறிவிப்புத் தாளை அக்கா நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அப்போது அவள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய தபால் விமானம். இரட்டை இறக்கை, இறக்கைகளுக்கு நடுவே நூல்போல முப்பத்திரண்டு கம்பிகள். பதினான்கு மாதமாகக் கட்டினாள். அதற்காகக் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டாள், அதையும் அவளே அளந்து பொருத்தினாள். தன் வாழ்க்கையில் இதைவிட நன்றாக இன்னொன்று செய்யப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த விமானத்திலாவது தன் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, பசி மாதிரி இருந்தது.

ஒரு காலையில், கேப்டன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"இந்தத் தடவை கூட்டுப் பிரிவுல போடலாமாங்க?"

"அது கத்துக்குட்டிங்களுக்கு. கட்டத் தெரியாதவனும் ஓட்டத் தெரியாதவனும் ஜோடி சேர்றது."

"எனக்காக ஒரு தடவை."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். "இதோ பாரு, பன்னிரண்டாவது கோப்பை. ஒரு டஜன். எவனும் வாங்கினதில்ல. இது முடியட்டும், அடுத்த வருஷம் உன் பேரையும் போட்டுடலாம். சரியா?"

'உன் பேரையும்' என்றதில் இருந்த அந்த 'உம்' அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சரி என்றாள். படிவத்தை எழுதினாள்.

போட்டி நாள் காலை, திடலில் மேஜை போட்டு விமானத்தை வைத்திருந்தார்கள். நடுவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை. முப்பத்திரண்டு கம்பிகளையும் பென்சிலால் தொடாமல் தொட்டு எண்ணிவிட்டு, "நல்லா உழைச்சிருக்கீங்க" என்றார். கேப்டன் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அக்கா இரண்டடி தள்ளி, தண்ணீர் பாட்டிலும் குடையுமாக நின்றாள். அவளைப் பார்த்து வாத்தியார், "வீட்ல இவர் பண்ற குப்பையையெல்லாம் பெருக்குறது நீங்கதானே" என்று அன்பாக விசாரித்தார். "ஆமாங்க" என்றாள்.

நடுவர் நகர்ந்ததும், பழக்கதோஷம், அவள் கிளிப்பை எடுத்து எலிவேட்டரில் மாட்டிக் குச்சியை இழுத்தாள். ஊசி இருபத்து நாலைக் காட்டியது. கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். இருபத்து நாலு. குனிந்து வாலைப் பார்த்தாள். பலகையில் கம்பி மாட்டுகிற கொம்பில் மூன்று ஓட்டைகள் உண்டு. வெளி ஓட்டையில் மாட்டினால் அசைவு குறையும், உள் ஓட்டையில் மாட்டினால் கூடும். அவள் வெளி ஓட்டையில் மாட்டியிருந்த கொக்கி இப்போது உள் ஓட்டையில் இருந்தது.

"ஏங்க, கொக்கியை மாத்தினீங்களா?"

கேப்டன் பக்கத்தில் மீசைக்காரர் நின்றிருந்தார். நாலு வருஷம் இரண்டாம் இடம் வாங்கினவர், மீசையை முறுக்குவதைத் தவிர அவருக்கும் வேறு ஆறுதல் இல்லை. "நான்தான் சொன்னேன் அண்ணி" என்றார். "சார் விமானம் கொஞ்சம் மந்தமா திரும்புது. அசைவு கூட்டினா வளையம் போடும்போது சும்மா சுண்டி இழுக்கும்."

"பதினஞ்சுதாங்க இதுக்குச் சரி. வெளியில மாத்திடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"இருக்கட்டும்."

"இருபத்தி நாலு இருக்கு. இது தாங்காது."

கேப்டன் மீசைக்காரரைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். "அளக்கிறது உன் வேலை. அளந்துட்டே இல்ல? பறக்க விடுறது என் வேலை."

மீசைக்காரர் மீசைக்குள் சிரித்தார். அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பதினைந்து ஏன் என்று இப்போது சொன்னால் அவர் கேட்பார். ஆனால் மீசைக்காரரும் கேட்பார், திடல் முழுக்கக் கேட்கும். கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. அதை இன்றுவரை அவள் தன் முட்டாள்தனம் என்றுதான் சொல்கிறாள். ரிமோட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் பதினைந்தை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 24 என்று எழுதினாள். கீழே 'காலை 9.40, கொக்கி உள் ஓட்டையில்' என்றும் எழுதினாள். போய் நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

தபால் விமானம் அழகாக ஏறியது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. வெயிலில் அந்தக் கம்பிகள் மின்னியதை அவள் பார்த்தாள், ஒரு நிமிஷம் கோபம்கூட மறந்துபோனது. மூன்றாவது சுற்றில் விமானத்தைத் தாழ்வாக, நடுவர் மேஜைக்கு முன்னால் திருப்ப வேண்டும். திடலுக்கு அந்தப்பக்கமிருந்து காற்று ஒரு தள்ளு தள்ளியது. விமானம் ஒரு முழம் இறங்கியது.

அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தாள். விரல் கடைசிவரை போனது.

மூக்கு செங்குத்தாகத் தூக்கியது. இடது இறக்கை சாய்ந்தது. ஒரு புரட்டுப் புரண்டு தரையில் விழுந்தபோது பெரிய சத்தம்கூட வரவில்லை, தீப்பெட்டியை மிதித்த மாதிரி இருந்தது. பதினான்கு மாதம். அவள் எழுந்து நடந்தாள், ஓடவில்லை.

சங்கத்து ஆட்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். கேப்டன் முகம் வெளுத்து நின்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள், வேறு விதமாகப் பார்த்தார்கள். "என்ன சார் இப்படி இழுத்துட்டீங்க" என்று யாரோ கேட்டார்கள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. அக்கா வருவதைப் பார்த்தார். விரலை நீட்டினார்.

"நான் சரியாத்தான் இழுத்தேன். எலிவேட்டர் அளவு தப்பு. அளந்து செட் பண்ணது இவ."

திடலில் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பதினோரு கோப்பைகளுக்கு வராத வார்த்தை ஒரு விபத்துக்கு வந்தது.

கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தான். கையிலிருந்த படிவத்தைத் திருப்பினார். "இவங்க செட் பண்ணாங்களா? நீங்களே கட்டினதா கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

அப்போதுதான் கேப்டனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. "இல்ல சார், கட்டினது நான்தான். இது சும்மா கூடமாட..." என்று வார்த்தையை மென்றார்.

வாத்தியார் அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. யாரு கட்டினது?"

கேப்டன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று. இரண்டு டிகிரிகூட இருக்காது அந்த அசைவு. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்குத் தெரிந்தது. இருபத்தேழு வருஷக் குடித்தனம் அந்தத் தலையாட்டலில் இருந்தது. ஒரு 'இல்லை' சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாம், இரண்டு நாளில் அவர் ஏதாவது இனிப்பு வாங்கி வருவார், அலமாரி அப்படியே இருக்கும், அடுத்த வருஷம் உன் பேரையும் என்பார். கூடவே, எலிவேட்டரைத் தப்பாக அளந்தவள் என்று சங்கத்தில் பேர் நிற்கும். மற்றதையெல்லாம் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். அந்தக் கடைசியை விட முடியவில்லை.

கேப்டன் கழுத்தில் தொங்கிய ரிமோட்டைத் திருப்பி, சீட்டைப் பிய்த்து வாத்தியாரிடம் கொடுத்தாள்.

"அளவு தப்பு இல்லைங்க. பதினஞ்சு நான் வச்சது. இருபத்தி நாலு அவர் வச்சது. நேரம் போட்டிருக்கேன் பாருங்க."

"சரிம்மா. கட்டினது?"

"நான்தாங்க."

"இதையா?"

"எல்லாத்தையும். அந்தப் பதினொண்ணையும். நோட்டு வீட்டுல இருக்கு."

மீசைக்காரர் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கேப்டன் ரிமோட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். அவளே உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, பேருந்து பிடித்து வந்து சேர்ந்தாள்.

இந்த இடத்தில் சங்கம் அவளைக் கூப்பிட்டு மாலை போட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். சங்கம் என்றால் சங்கம், விதி என்றால் விதி. செயற்குழு கூடியது. நோட்டை வாங்கிப் பார்த்தார்கள், பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். "என்னமா கட்டியிருக்காங்க" என்று இரண்டு பேர் வாய்விட்டே சொன்னார்களாம். அப்புறம் தீர்ப்பு எழுதினார்கள். பொய்ப் படிவம் கொடுத்ததற்காகப் பதினோரு கோப்பைகளும் திரும்பப் பெறப்படும், அந்தந்த வருஷம் இரண்டாம் இடம் வந்தவர்களுக்குப் போகும். கணவர், மனைவி இருவரும் ஐந்து வருஷம் எந்தப் பிரிவிலும் கலந்துகொள்ளக் கூடாது. படிவங்கள் மனைவியின் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருப்பதால் அவருக்கும் பொறுப்பு உண்டு. கூட்டுப் பிரிவு என்று கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த தாளை அவள் எடுத்துக் கிழித்துப் போட்டாள்.

கோப்பைகளை அவளேதான் இறக்கினாள். ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். துடைக்காமல் கொடுக்க மனம் வரவில்லை, துடைத்தே கொடுத்தாள். மீசைக்காரருக்கு நாலு போயிற்று. அவர் வீட்டு அலமாரியில் அவை இப்போதும் இருக்கின்றன, பெயர்த் தகட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்.

நாத்தனார் போன் பண்ணினாள். "ஒரு பொம்மை விமானத்துக்காக என் தம்பியை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே. குடும்பத்துல இருக்கிறவ செய்யற காரியமா இது?"

"பொம்மைதானே அண்ணி. அப்ப அதுக்குப் போய் அவர் ஏன் பொய்க் கையெழுத்துப் போட்டார்?"

"உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று போனை வைத்தாள் நாத்தனார். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை, அது ஒரு நிம்மதி.

கேப்டன் முதல் வாரம் முழுக்கப் பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கு இப்பத் திருப்தியா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள். அது நிஜம். பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்கிற வீட்டில் யாருக்கு என்ன திருப்தி.

தீர்ப்பின் நகல் ஒன்று தபாலில் வந்தது. இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'மேற்கண்ட பன்னிரண்டு மாடல்களையும் முழுமையாகக் கட்டியவர், அளவுகளை அமைத்தவர் உறுப்பினர் அல்லர், அவருடைய மனைவியே என்பது ஐயமற நிறுவப்பட்டது.' அந்த வரியை அவள் கடைப் பின்னறையில், மதிய இடைவேளையில், நாலு தடவை படித்தாள். அச்சில் அப்படி ஒரு வரி அவளைப் பற்றி வந்ததில்லை. தண்டனைத் தாளில்தான் வந்தது, வந்த வரைக்கும் அது உண்மை. லென்ஸ் கடைக்காரர்களுக்குச் சட்டத்துக்கா பஞ்சம்? சட்டம் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, காலியாகக் கிடந்த கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள்.

கேப்டன் அதைப் பார்த்தார். "எடுத்துடு அதை."

"இருக்கட்டும். பதினொரு வருஷத்துல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான்."

அவர் எடுக்கவில்லை. கூடத்தைக் கடக்கும்போது அந்தப்பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

போட்டிக்குத்தான் தடை, பறக்கவிடத் தடை இல்லை. கேப்டன் கட்டி முடித்த விமானமாகவே ஒன்று கடையில் வாங்கினார். தன் கை தன்னிடம்தான் இருக்கிறது என்று காட்டியாக வேண்டுமே. முதல் ஞாயிறு அது விழுந்தது. இன்னொன்று வாங்கினார், அது இரண்டு ஞாயிறு தாங்கியது. 'சாருக்குக் கை போச்சு' என்று திடலில் பேசிக்கொண்டார்கள். மூன்றாவதை வாங்கிக்கொண்டு வந்தவர் அதைத் திடலுக்குக் கொண்டுபோகவில்லை. சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். இழுப்பறையைத் திறந்து, துணிக் கிளிப்பில் ஒட்டிய அந்தக் கோண அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தப் பதினஞ்சு," என்றார் கேப்டன், மேஜையைப் பார்த்துக்கொண்டே. "அது எப்படி வந்தது? நானும் பதினஞ்சு பதினஞ்சுன்னுதான் வச்சுப் பாக்கிறேன். விழுது."

"அது அந்த விமானங்களுக்கு. ஒவ்வொண்ணுக்கும் பலகை அகலம், எடை எல்லாம் பார்த்துக் கொம்பை வெட்டுவேன், கடைசியில பதினஞ்சுல வந்து நிக்கிற மாதிரி. கடை விமானத்துக்கு வேற வரும்."

"எதுக்கு அப்படி?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. "நீங்க பயந்தா குச்சியைக் கடைசிவரைக்கும் இழுப்பீங்க. முதல் நாளே பார்த்தேன். எவ்வளவு இழுத்தாலும் விழாத மாதிரி அளவு வச்சேன்."

கேப்டன் தன் வலது கையைப் பார்த்தார். இதைச் சொல்லும்போது தனக்கு நெஞ்சு ஆறும் என்று அவள் பல நாள் நினைத்ததுண்டு. ஆறவில்லை. அவர் தலை நரைத்திருப்பதுதான் கண்ணில் பட்டது.

"இத்தனை வருஷமாவா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் கோண அட்டையை எடுத்து, ஊசியில் ஒட்டியிருந்த தூசியை ஊதினாள்.

"நீங்க வேற, நான் வேற இல்லைன்னு நினைச்சுட்டிருந்தேன்."

அட்டையை இழுப்பறையில் வைத்து மூடினாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசி போடப் போனாள்.